அத்திம்பேரின் டப்பா

என் அக்கா அபயாம்பாளின் கணவர் அச்சுதன் அத்திம்பேர், புனேயில் அரசுத் தணிக்கை அதிகாரி. அரசுக் கட்டடங்களில் காசுக்கேற்ற வேலை நடந்திருக்கிறதா என்று நேரில் பார்த்து எழுதும் உத்தியோகம். சுவரை விரலால் சுரண்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார். போகிற இடத்தில் ஒரு வாய் டீ குடிக்கமாட்டார். அக்கா டப்பாவில் கட்டித் தரும் தயிர் சாதம்தான்.

அவருடைய ஆபீஸில் அது பெரிய குற்றம். தணிக்கைக்குப் போனால் அங்குள்ளவர்கள் கார் அனுப்புவார்கள், விருந்து வைப்பார்கள். மறுப்பவன் திமிர் பிடித்தவன். பொய் எழுது என்று யாரும் சொன்னதில்லை. மதியம் அவர் பக்கத்தில் உட்காரமாட்டார்கள், அவ்வளவுதான். வருஷக்கணக்காக மூலையில் தனியாகச் சாப்பிட்டார் மனுஷன். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

போன ஜூன் மழையில் அவரும் ஆபீஸ்காரர்களும் ஊருக்கு வெளியே கோந்த்வா தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தின் புதுச் சுற்றுச்சுவரைப் பார்க்கப் போனார்கள். காவலாளி மனோஜ் குடையோடு கார் ஜன்னலுக்கு ஓடிவந்தான்.

"சாஹேப், பின்பக்கச் சுவர் விரிசல் விட்டிருக்கு. ஒரு தடவை வந்து பாருங்க."

அத்திம்பேர் இறங்குவதற்குக் கதவைத் திறந்துவிட்டார். முன் சீட்டிலிருந்து மேலதிகாரி ஹரிபிரசாத் திரும்பினார். "அச்சுதன்ஜி, சாப்பாடு ஆறிடும். இன்னிக்காவது எங்களோட உட்காருங்க."

அத்தனை வருஷத்தில் அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "அப்புறம் வரேன்" என்று மனோஜிடம் சொல்லிக் கதவைச் சாத்தினார். விருந்து முடிந்ததும், சுவர் நன்றாக இருக்கிறது என்று எல்லோரோடும் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதம் அந்தச் சுவர் மனோஜ் மேலேயே விழுந்தது. அவன் பிழைக்கவில்லை.

"நாம எல்லாருந்தானே கையெழுத்துப் போட்டோம்" என்று ஆபீஸில் தேற்றினார்கள். மேஜை நடுவில் அவருக்கு இடம் பிடித்து வைத்தார்கள்.

அவர் என்னை அழைத்துக்கொண்டு மனோஜின் வீட்டுக்குப் போனார். யாரென்று சொன்னதும் அவன் மனைவி வைஷாலி டீ போட்டு எடுத்து வந்தாள். "நீங்கதானா அது? 'ஒரு சாஹேப் காது கொடுத்துக் கேட்டார், இனிமே கவலையில்லை'ன்னு அன்னிக்குச் சொன்னாரு."

அத்திம்பேர் தரையைப் பார்த்தார். "நான் இறங்கிப் பார்க்கலைம்மா."

அவள் அவர் முன்னால் வைத்த டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போது அவராகவே மறுபடியும் மூலையில்தான் உட்காருகிறாராம். "டப்பா தொடாம அப்படியே திரும்பி வர்றதுடா" என்று அக்கா அழுகிறாள்.