சாவுச் செய்திக்குப் பூட்டுப் போடாதவன்

அன்றைக்குக் காதர் பாயின் சாப்பாட்டுக் கடையில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் மருமகள் மலர், காதர் பாய், லோரி ஓட்டும் ஆறுமுகம். மலர்தான் போனைப் பார்த்துவிட்டு ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"அத்தை, நம்ம சேகரன் மாமா போயிட்டாராம்."

பெயர் தெரிந்தது, படம் தெரிந்தது. எந்த வீடு, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்ற வரிகள் மட்டும் மங்கிக் கிடந்தன. மேலே ஒரு பூட்டுப் படம். மேலும் படிக்கச் சந்தா கட்ட வேண்டுமாம். கோலசிலாங்கூர்த் தோட்டத்துச் செய்திகளுக்கென்று சேகரனே ஆரம்பித்த இணையப் பத்திரிகை அது.

"நான் கட்டிடுறேன்க்கா. வருசத்துக்குத்தான் கட்டணுமாம், பரவால்ல லா" என்று பாய் போனை எடுத்தார்.

"தொடாதீங்க பாய். சாவுக்குக் காசு வாங்கக் கூடாதுன்னு சண்ட போட்டவன். அவன் சாவையே காசு குடுத்துப் படிக்கவா?" என்றேன்.

சேகரன் வீட்டுக்குப் போன் அடித்தோம், எடுப்பாரில்லை. நோய் வந்ததும் அவன் பத்தாங் காலியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டான். அந்த வீடு எங்களில் யாருக்கும் தெரியாது. ஆறுமுகம் லோரியைக் கிளப்பினான்.

பத்திரிகை தொடங்கும் முன் எதற்குக் காசு, எது இலவசம் என்று சேகரன் பேசியது இதே கடையில்தான். கம்ப்யூட்டர் வேலை பார்த்த கூட்டாளி தினேஷும் இருந்தான். "அண்ணே, ஜனங்க அதிகமா தொறக்கிறது மரண அறிவிப்பதான். அதப் பூட்டுவோம்" என்றான். சேகரன் விடவில்லை. "சினிமாவப் பூட்டு, ராசிபலனப் பூட்டு. துக்கத்துக்கு வர்றவன்கிட்ட வாசல்ல டிக்கெட் கேப்பியா?"

தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், ஒரு வீடு சந்தா கட்டும். குழாயடியில் எல்லோருக்கும் படித்துக் காட்டுவோம். தினேஷ் புலம்பினான். "கேக்கட்டும்டா. கேட்டுப் பழகினவன் தானே கட்டுவான்" என்றான் சேகரன். கட்டினார்கள். நானும் கட்டினேன்.

என் வீட்டுக்காரர் இறந்தபோது அவரைத் 'தோட்டத் தொழிலாளி' என்று போட்டுவிட்டான். அவர் மண்டோர், தொழிலாளிகளை மேற்பார்த்தவர். அன்றைக்கே சந்தாவை நிறுத்தினேன். நிறுத்தும் பொத்தானை முதல் பக்கத்திலேயே பெரிதாக வைத்திருந்தான். கண்ணாடி போடாமலே அமுக்கினேன். திருத்திப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து நின்றான்.

"ஏன்டா தம்பி, அந்தப் பொத்தான அவ்ளோ பெருசா வச்ச?"

"போறவங்கள மறிச்சா திரும்பி வரமாட்டாங்கக்கா."

மூன்று மாதம் முறைத்துவிட்டுத் திரும்பக் கட்டினேன்.

அவன் படுக்கையில் விழுந்ததும் ஒரு சந்தாவுக்கு ஒரே போன்தான் என்றான் தினேஷ். மறுபடி நிறுத்தினேன். அந்த முறை பொத்தானைக் கண்டுபிடிக்க மலருக்கு அரை மணி நேரம் ஆனது.

பத்தாங் காலியில் கோயிலில் கேட்டு, மளிகைக் கடையில் கேட்டுப் போய்ச் சேர்ந்தபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். தரை ஈரம் காயவில்லை. காசு கட்டியிருந்தால் முகம் பார்த்திருப்பேன். தெரியும். இன்னொரு முறை வந்தாலும் கட்ட மாட்டேன்.

அவன் மனைவி வசந்தாதான் விஷயத்தைச் சொன்னாள். எதைப் போட்டாலும் தானாகப் பூட்டிக்கொள்ளும்படி தினேஷ் மாற்றிவிட்டானாம். மரண அறிவிப்புகளை மட்டும் சேகரன் ஒவ்வொன்றாகத் திறந்துவிடுவானாம். "ஆஸ்பத்திரியில ஊசி குத்தின கையோட தொறந்துக்கிட்டிருந்தாருக்கா" என்று அழுதாள். அவனுடையதைத் திறக்க அவன் இல்லை.

பந்தலில் தினேஷ் நின்றான். "ஏன்டா பூட்டுன?" என்றேன்.

"அது சிஸ்டம் ஆன்டி, தானா பூட்டிக்கும். நான் கவனிக்கல." பிறகு போனை என் பக்கம் திருப்பினான். "அண்ணன் மேல எவ்ளோ பாசம் பாருங்க. காலையிலேர்ந்து எத்தன பேரு புதுசா கட்டியிருக்காங்க!"

அதைக் கவனித்திருக்கிறான்.

சேகரனை அறிந்தவர்களே, அவனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு வேலை. இப்போது எங்கள் பக்கம் யார் இறந்தாலும் பெயர், வீடு, எடுக்கும் நேரம் மூன்றையும் என் குரலில் பதிந்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் அனுப்புகிறேன். நீங்களும் அனுப்புங்கள். எவன் தடுக்கிறான் என்று பார்ப்போம்.

வசந்தா மன்னித்துவிட்டாளாம். அது அவள் பாடு. நான் சாகும்வரை மன்னிக்காத ஆள் ஒருவன்தான்: தினேஷ்.