பதினாறு வயதுக்கு எந்தச் சட்டம்?

போன மாதம் ஒரு மதியம். சோற்றில் கை வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுப் புஷ்பா செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார்.

"அக்கா, புள்ளைய போலீஸ் கூட்டிட்டுப் போய்ட்டாங்க! நானும் வரேன்னேன்... ஏத்த மாட்டேன்னுட்டாங்க லா!"

பிள்ளை என்றால் யாழினி. வயது பதினாறு. ஸ்கூல் யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லையாம்.

என்ன குற்றம்? ஃபோன் கேமில் பழகிய யாரோ ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறான். துப்பாக்கி, கொடி, ஆவேசமான பாட்டு. பாட்டு பிடித்துப்போய், இவள் அதைத் தோழிகளுக்கு அனுப்பிவிட்டாள். அது ஒரு தீவிரவாதக் கும்பலின் வீடியோ!

கிள்ளானிலிருந்து புஷ்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸில் ஒரு வக்கீலம்மாவிடம் போனேன்.

"சாதாரண கேஸ்னா சின்னப் பிள்ளைங்களுக்குத் தனிச் சட்டம் இருக்கு ஆன்டி. இது பாதுகாப்புச் சட்டம். அதைத்தான் முதல்ல பார்ப்பாங்க. பதினெட்டு ஆகலன்னு சொல்லி வாதாடிப் பார்க்கலாம்."

"அப்ப என் மக சின்னப் பிள்ளையா, இல்லையா?" என்று கேட்டார் புஷ்பா.

வக்கீலம்மா யாழினியின் பிறந்த தேதியைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

எனக்கும் குழப்பம்தான். குண்டு வெடித்த பிறகு அழுவதைவிட முன்பே தடுப்பது மேல் என்று நினைப்பவள் நான். போலீஸ் விசாரிக்கக் கூடாது என்று எப்படிச் சொல்வேன்? ஆனால் ஒரு பிள்ளையை விசாரிக்கும்போது பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தால் நாட்டுக்கு என்ன ஆபத்து வந்துவிடும்? இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதுபோல... இல்லாததுபோல...

பல நாள் கழித்து, வழக்கு எதுவும் போடாமல் யாழினியை அனுப்பிவிட்டார்கள். புஷ்பாவுக்கு உயிர் வந்தது. ஆனால் பிள்ளை மாறிப்போய்விட்டாள். வாசலில் கார் நின்றால் போதும், பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிறாள்.

நேற்று என் வீட்டுக்கு வந்தாள். மைலோ கலக்கிக் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"ஆன்டி, ஒண்ணு கேக்கட்டா? அம்மாட்ட சொல்லாதீங்க."

"சொல்லும்மா."

"'உங்க தலைவர் யாரு'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. எனக்கு யாரைச் சொல்றதுன்னே தெரியல. எங்க கிளாஸ் மானிட்டர் பேரைச் சொல்லிட்டேன்... அவளுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

ஒன்றும் ஆகாது என்று சொல்லி அனுப்பினேன்.

சட்டம் படித்தவர்களே... சரியாகத்தானே சொன்னேன்?