டிரைலரில் குத்திய காது

விளாங்குடி பட்டறையில் ஊர் சுற்றுவதற்கான எங்கள் கேரவன் வண்டிக்குள் டிவியை மாட்டிவிட்டு, "படம் தெளிவா தெரியுதாக்கா?" என்றார் மெக்கானிக். என் கை தானாகக் காதுக்குப் போனது.

ஐந்து வயதில் அழகர்கோவிலில் எனக்குக் காதுகுத்து. மொழி புரியாவிட்டாலும் ஞாயிறு காலை இந்தித் தொடரை விடவே மாட்டேன் என்று அம்மா அடம்பிடித்ததால், அப்பா சின்ன டிவியை டிராக்டர் டிரைலரில் ஏற்றி, பேட்டரியில் ஓடவிட்டார். ஆன்டெனா, டிரைலரில் ஏறியிருந்த தாய்மாமன் கையில். நல்ல நேரம் நெருங்கியது. மாமா மடியில்தான் காது குத்த வேண்டும். அவர் இறங்கினாலோ படம் போய்விடும்.

"நீ ஆடாம இரு மாப்ள. ஆசாரியை இங்கயே கூட்டியாரேன்" என்றார் அப்பா.

மொட்டைத் தலையில் சந்தனம் மணக்க, மாமா மடியிலிருந்து டிவி பார்த்தேன். ஊசி ஏறியபோது அழக்கூட மறந்துவிட்டேன்.

வலது கம்மல் மட்டும் இன்றும் சற்று மேலே ஏறி நிற்கிறது. ஆசாரியும் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.