ஈரத்தோல் மேல் ஒற்றைக் கால்

எனக்குத் துரோகம் செய்தவன் பஷீர். அதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன். மல்யுத்தப் பயிற்சி கொடுக்கிறவனுக்கு முட்டி போகும், தொண்டை போகும், ஞாயிற்றுக்கிழமை போகும். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட நம் எல்லோருக்கும் இது தெரிந்த சங்கதிதான். எனக்குக் கூடவே பெயரும் போனது.

யார் யோசனை?

ஆம்பூர் டேனரி ஒன்றில் டிரம்மிலிருந்து ஈரத்தோல் இறக்கும் வேலை பார்த்தவன் நான். அங்கே தரை எண்ணெய் ஊற்றியது போல் வழுக்கும். ஆனால் பழைய ஆள் விழமாட்டான். கால்விரலை விரித்து, இடுப்பை இறக்கி நிற்பான். அதைப் பார்த்துத்தான் சேதமான மாட்டுத்தோல் ஒன்றை வாங்கிவந்து, நனைத்து விரித்து, அதன்மேல் இரண்டு பேரை ஒற்றைக் காலில் நிறுத்தி, உள்ளங்கையால் ஒருவரையொருவர் தள்ளச் சொன்னேன். அதில் பழகியவர்களை மல்யுத்த விரிப்பில் சாய்ப்பது லேசில்லை.

அப்போது பஷீரும் நானும் ஒரே ஷெட்டில் பயிற்சி கொடுத்தோம். பார்க்க வந்த வேலூர் கோச், "இது யாரோட யோசனை?" என்று கேட்டார். நான் கூச்சப்பட்டுக்கொண்டு தொண்டையைச் செருமுவதற்குள் பஷீர் முந்திக்கொண்டான். "என்னுதுதான் சார், குளிக்கிறப்ப தோணிச்சி!"

அன்றிலிருந்து அதற்குப் பெயர் 'பஷீர் தோல்'. பிறகு அவன் பேரணாம்பட்டில் தனி ஷெட் போட்டான். என் ஷெட்டிலும் அதே பெயர்தான். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அது என் யோசனை என்று அவன் எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

மேரியின் வலது கால்

ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிற மேரி பயிற்சிக்கு வந்தாள். இடது காலில் நின்றால் நட்டுவைத்த கம்பம். வலது காலில் நிறுத்தினால் மூன்று எண்ணுவதற்குள் தரையில். பயம் என்று நினைத்து ஒரு மாதம் கத்தினேன். கடைசியில்தான் தெரிந்தது, கம்பெனியில் நின்றபடியே தைக்கிறாள். நாள் முழுக்க உடம்பைத் தாங்குவது இடது கால், பெடலை மிதிப்பது வலது.

காலை மாற்றி மிதிக்கச் சொன்னேன். அவளும் மறுநாளே மாற்றினாள். தையல் கோணிக்கொண்டு போனதாம். லைன் சூப்பர்வைசர் அம்மா ஷூவைத் தூக்கிப் பிடித்துக் கேட்டாராம்: "ஏம்மா, நீ மல்லுக்கட்டுறதுக்கு இந்த ஷூ இன்னா பாவம் பண்ணிச்சி?"

குமார் தூக்கினால்

குமார் தோல் லோடு ஏற்றுகிறவன். ஆளைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழும் பயிற்சியில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஒரே பேஜார், இருபது எண்ணி முடிந்ததும் ஆளை இறக்கமாட்டான். லாரியில் எறிகிற பழக்கத்தில் இடது பக்கமாக ஒரே வீச்சு. மூன்று பேர் அவனுக்கு ஜோடி சேர மறுத்துவிட்டார்கள். நாலாவதாக வந்த சலீம் விரிப்பைத் தாண்டிப் போய் விழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டே சொன்னான்: "அண்ணே, தூக்குறப்ப தோலுன்னு நெனச்சிக்கோ, எறக்குறப்ப மட்டும் மனுசன்னு நெனச்சிக்கோ!"

ரெண்டு கிழட்டுக் கால்

போன வருஷம் பஷீர் தன் ஆட்களோடு நட்புப் போட்டிக்கு வந்தான். எங்கள் மேரி அவன் ஆளை ஜெயித்தாள், அதுவும் வலது காலை ஊன்றி. பஷீர் கைதட்டிக்கொண்டே, "பார்த்தியா, எல்லாம் என் தோல்" என்றான்.

எனக்குப் பொறுக்கவில்லை. தோலை நனைத்து விரித்தேன். "ஏறுடா. முதல்ல விழறவன் அது மத்தவன் யோசனைன்னு சொல்லணும்" என்றேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினான். இரண்டு பேருக்கும் அறுபது தாண்டியாயிற்று. சுற்றி நாற்பது பேர். ஒற்றைக் காலில் நின்று உள்ளங்கையால் தள்ளிக்கொண்டோம். முதலில் வழுக்கியது அவன்தான். போகிறபோது என் சட்டையைப் பிடித்து இழுத்தான். நான் அவன்மேல் விழுந்தேன்.

ஒரே கூச்சல், சிரிப்பு. அதற்கு நடுவில் என் காதோரம் முனகினான்: "சரி, உன்னுதுதான்."

"சத்தமா சொல்லு" என்றேன்.

"முதல்ல மேல இருந்து எழுந்துரு தோஸ்த், மூச்சு முட்டுது, நாளைக்குச் சொல்றேன்."

வாரம் தவறாமல் டீ குடிக்க வந்து ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டுப் போகிறான். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் அவனுக்கு இன்னும் மூச்சு வரவில்லை.