சும்மா கிடந்த கோர்

ஒதியம்பட்டு அரிகரனின் அலுப்பு ஒரு நாள் படுத்துத் தூங்கினால் போகிற அலுப்பு இல்லை. உடம்பில் இருக்கிற மச்சம் மாதிரி அது கூடவே இருந்தது. அப்பா செத்ததிலிருந்து கரும்பு வெட்ட ஆள் பிடிப்பதா, அம்மாவுக்கு சுகர் மாத்திரையா, தங்கச்சி மஞ்சுளா கல்யாணமா, எல்லாம் அவன் தலையில்தான். தம்பி ராஜ்கமலா? அவன் பாட்டுக்கு வில்லியனூர் டீக்கடையில் செல்போனை நோண்டிக்கொண்டிருப்பான். அவனிடம் யாரும் ஒரு வேலை சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை.

அரிகரனுக்கு ஒரு மருந்து கம்பெனியில் வேலை. மாத்திரை அட்டை ஓடுகிற லைனில் ஒரு கேமரா உண்டு. அது ஒவ்வொரு அட்டையையும் படம் பிடித்து, உடைந்த மாத்திரை இருந்தால் வெளியே தள்ளிவிட வேண்டும். அதை ஓட்டுகிற லினக்ஸ் கம்ப்யூட்டர் இவன் பொறுப்பு. லைன் வேகத்தைக் கூட்டினார்கள் பாருங்கள், அன்றைக்குப் பிடித்தது சனியன். கேமரா நடுநடுவே சில அட்டைகளைப் பார்க்காமலே விட்டது. திங்கட்கிழமை ஆடிட். "ஞாயித்துக்கிழமை ட்ரையல்ல ஒரு அட்டை தப்பினாலும் லைனை மூடிடுவாங்க. நீ இல்லாம நடக்காது அரி" என்றார் மேனேஜர் புகழேந்தி.

அதே ஞாயிறு காலைதான் திருக்காஞ்சி கோயிலில் மஞ்சுளா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். மூத்த மாமன் அரிகரன். இவனுக்கு லீவு கிடைக்காமல் ஏற்கெனவே இரண்டு தரம் தள்ளிப்போட்டாயிற்று. "இந்த வாட்டியும் வரலன்னா உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேண்ணா" என்று மஞ்சுளா சொல்லிவிட்டாள். கம்மலை முன்னாடியே வாங்கி அவளிடம் கொடுத்திருந்தான். குழந்தை வலியில் ஓவென்று அழுது தன் கழுத்தைக் கட்டிக்கொள்ளும் என்று நினைத்து நினைத்து ஏங்கினான் பாவம். அந்த வருஷம் அவன் தனக்கென்று ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

சனிக்கிழமை முழுக்க கெர்னலோடு மாரடித்தான். அந்தக் கம்ப்யூட்டருக்குள் வேலை செய்ய நாலு கோர், நாலு வேலையாள் மாதிரி. யாருக்கு எந்த வேலை என்று பங்கு போட்டுக் கொடுக்கிற மேஸ்திரிதான் கெர்னல். பூஜ்யம், ஒன்று என்கிற கோர்கள் பொது வேலைக்கு. இரண்டும் மூன்றும் கேமராவுக்கு மட்டும், வேறு எவனும் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. கெர்னல் கிளம்பும்போது படிக்கிற வரியிலேயே அப்படி எழுதிவிட்டான். கேமரா புரோகிராமிடமும் அந்த இரண்டில் ஓடு என்று சொல்லியாயிற்று. நியாயமாகப் பார்த்தால் பறக்க வேண்டும். ஆனால் முன்னைவிட மோசமாக அட்டையை விட்டது. என்னத்தைச் சொல்ல!

சீக்கிரம் முடித்துவிட்டு ஓடலாம் என்று ஞாயிறு விடியும்போதே கம்பெனிக்கு வந்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் மஞ்சுளா போன் அடித்தாள்.

"அண்ணா, எங்க கீற? காது குத்துற பத்தர் வந்துட்டாரு. இன்னும் ரெண்டு மூணு வூட்டுக்குப் போகணுமாம்."

"தோ, கெளம்பிட்டேம்மா."

எங்கே கிளம்பினான்? போனை வைத்துத் திரும்பியபோதுதான் திரை கண்ணில் பட்டது. இரண்டாம் நம்பர் கோர் மூச்சுத் திணறுகிறது. மூன்றாம் நம்பர் சும்மா கிடக்கிறது. தலையில் அடித்துக்கொண்டான். சாதாரணமாக ஒரு கோர் திணறினால் கெர்னலே பாதி வேலையை அடுத்ததுக்கு மாற்றிவிடும். ஒதுக்கிவைத்த கோரில் அது கைவைக்காது. தொடாதே என்று சொன்னவனே இவன்தானே! படம் பிடிக்கிற வேலை, உடைசல் தேடுகிற வேலை, அட்டையைத் தள்ளுகிற வேலை எல்லாம் ஒன்றின் தலையிலேயே குவிந்துவிட்டன. இன்ன வேலை இன்ன கோருக்கு என்று கையால் பிரித்துக் கொடுத்தால் சரியாகிவிடும். ஆனால் அதைச் செய்து, லைனை ஓட்டிப் பார்த்து முடிக்க மத்தியானமாகிவிடும்.

மறுபடி போன். அரிகரன் எடுத்தான். "மஞ்சு, ராஜ்கமல் அங்க இருக்கானா? அவன்கிட்ட குடு."

"இன்னாண்ணா?" என்றான் தம்பி.

"பாப்பாவ உன் மடியில ஒக்கார வெச்சிக்கோடா. நீயும் மாமன்தானே."

"நானா?" என்றான் ராஜ்கமல். அப்புறம், "சரிண்ணா. நான் பாத்துக்கறேன். நீ டென்ஷனாவாத" என்றான்.

மத்தியானம் ஒரு அட்டைகூடத் தப்பவில்லை. புகழேந்தி முதுகில் தட்டி, "மத்த லைனையும் இனி நீயே பாத்துக்கோ அரி" என்றார். முடியாது என்று சொல்லத்தான் நினைத்தான். "சரி சார்" என்றுதான் வாயில் வந்தது.

கரிக்கலாம்பாக்கத்தில் மஞ்சுளா வீட்டுக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது விருந்து முடிந்து பந்தல்காரர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். குழந்தை காது சிவந்து, கண் வீங்கி, ராஜ்கமல் தோளில் கிடந்தது. அரிகரன் இரண்டு கையையும் நீட்டினான். அது அவனை ஒரு தரம் பார்த்துவிட்டு, ராஜ்கமல் கழுத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டது.

மஞ்சுளா எப்படித் திட்டப்போகிறாளோ என்று வழியெல்லாம் பயந்துகொண்டு வந்திருந்தான். அவள் சிரித்த முகமாகச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"கோவம்லாம் ஒண்ணும் இல்லண்ணா. அவனே எல்லாத்தையும் பாத்துக்கினான். நீ வராததே தெரியல. கைய கழுவு, சோறு போடறேன்."

நல்ல மனசோடுதான் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.