எரிமலை அடிவாரத்தில் என் பிரெஞ்சு

ரீயூனியன் தீவின் எரிமலையிலிருந்து இறங்கும்போது, கறுத்த லாவாப் பாறையில் என் மனைவி வித்யாவின் கால் பிசகிவிடுகிறது. கணுக்கால் வீங்கிக்கொண்டே வருகிறது.

"இரு, ஐஸ் வாங்கிண்டு வரேன். இங்க எல்லாரும் பிரெஞ்சுதான்" என்று அவளைக் காரில் உட்காரவைத்துவிட்டுச் சாலையோரக் கடைக்குள் கம்பீரமாக நுழைகிறேன். அடையாறில் பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்துப் படித்தவன் நான்.

கடைக்காரப் பெண்ணிடம் கைகளை ஆட்டி நீளமாகப் பேசுகிறேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கோன் ஐஸ்கிரீமை நீட்டுகிறார். ஐஸுக்கும் ஐஸ்கிரீமுக்கும் பிரெஞ்சில் ஒரே வார்த்தை என்பது அப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

"ஐயோ, அவளுக்குக் கால் வலிக்கறதே!" என்று வாய்விட்டுப் புலம்புகிறேன்.

"கால் வலியா? முதலில் சொல்லக் கூடாதா?" என்கிறார் அவர், நிதானமான தமிழில். கரும்பு வெட்ட இங்கே வந்தவர்களின் வம்சமாம்; ஞாயிறுதோறும் கோயிலில் தமிழ் படிக்கிறாராம்.

துணியில் ஐஸ்கட்டிகளைச் சுற்றிக்கொண்டு அவரே காருக்கு வந்து, வித்யாவின் காலைத் தன் மடியில் வைத்து ஒத்தடம் கொடுக்கிறார். எனக்குக் கூச்சமும் நிம்மதியும் சேர்ந்தே வருகின்றன.

"அக்கா, ஒரு சந்தேகம்" என்று வித்யாவிடம் கேட்கிறார். "இவர் முதலில் பேசியது எந்த மொழி?"

வித்யாவுக்கு வலி அந்த நொடியே பறந்துவிடுகிறது.