அம்மா மட்டும் நனையாத படங்கள்

போன மாதம் தம்பி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பழைய படங்களை வரிசையாகப் போட்டான். மலையடிவாரத்தில் இருக்கும் அந்தத் தீம் பார்க்கில் ஏதோ போட்டியாம். குடும்பத்தோடு வந்துபோன இனிய நினைவுகளைப் படத்துடன் அனுப்பினால் நாலு டிக்கெட் இலவசமாம். ஆல்பத்தில் இருந்ததை எல்லாம் செல்போனில் படமெடுத்து, "மறக்க முடியாத நாட்கள்" என்று மேலே எழுதி, கீழே நாலு இதயத்தையும் ஒட்டியிருந்தான். சொந்தக்காரர்கள் ஆளாளுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்பா, தம்பி, நான் மூவரும் சொட்டச் சொட்ட நிற்கிறோம். அம்மா மட்டும் காய்ந்த சேலையில், இரண்டு தோளிலும் பை, கையில் துண்டு, காலடியில் எங்கள் மூன்று ஜோடி செருப்பு. அடுத்த வருடத்துப் படத்தில் சேலை வேறு, பைகள் அதே பைகள். ஒரு படத்தில் சேலைக்குக் கீழே கணுக்காலில் மெரூன் நிறம் கொஞ்சம் தெரிந்தது. உள்பாவாடை போலிருக்கிறது என்று அடுத்த படத்துக்குப் போய்விட்டேன். எத்தனை படம் பார்த்தும் அம்மாவின் தலையில் ஒரு முடிகூட ஈரமில்லை.

இத்தனைக்கும் எங்கள் நாலு பேரில் நீச்சல் தெரிந்த ஒரே ஆள் அம்மாதான். அம்மா பிறந்தது அமராவதி நகர்ப் பக்கம். அணையில் இருந்து வரும் வாய்க்காலில் பாலத்துக் கட்டை மேல் ஏறிக் குதிப்பாளாம். கல்யாணம் ஆகித் திருப்பூருக்கு வந்தபிறகு அதெல்லாம் போச்சு. எங்கள் ஊரிலும் ஆறு ஓடியது. அன்றைக்குச் சாயப்பட்டறைகளில் என்ன கலர் ஓடியது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். அதில் யார் கால் வைப்பார்கள்? ஆக, அம்மா தண்ணீரில் இறங்குவதாக இருந்தால் அது வருடத்துக்கு ஒருமுறை அந்தப் பார்க்கில்தான். அங்கே போய் அவள் செருப்புக்குக் காவல் இருந்தாள்.

அப்பா பனியன் கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மங்கலம் ரோட்டில் ஓட்டுக் கட்டடம், பன்னிரண்டு மெஷின், தைத்ததில் குறையும் பிசிறும் பார்க்கும் செக்கிங் வேலைக்கு அம்மாதான். எங்களுக்கு லீவு என்பது தீபாவளி லீவுதான். தையல்காரர்கள் எல்லாம் தெற்கே சொந்த ஊருக்குப் பஸ் ஏறிய பிறகுதான் அப்பாவுக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் ஞாபகம் வரும். உலகமே வெயில் காலத்தில் தண்ணீர் விளையாடப் போகும். நாங்கள் ஐப்பசி அடைமழையில், வேன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பல் கிட்டிக்க கிட்டிக்கப் போவோம். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் வண்டி நிறுத்தும் இடத்திலேயே கம்பெனித் துணியை விரித்து உட்கார்ந்து, புளிச்சோறும் அவித்த முட்டையும் சாப்பிட்டுவிட்டுத்தான் வாசலுக்குள் நுழைவோம். அதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்லவில்லை.

முதல் வருடம் அலைக்குளத்தின் கரையிலேயே நிறுத்திவிட்டார்கள். நாங்கள் நாலு பேரும் போட்டிருந்தது எங்கள் கம்பெனித் துணி. காவலாளி விசில் ஊதிக்கொண்டு வந்தார்.

"காட்டன் துணியோட எறங்கக் கூடாதுங்க."

அப்பாவுக்குப் புரியவில்லை. "இது நூறு பர்சென்ட் காட்டனுங்க. வெளிநாட்டுக்குப் போற சரக்கு" என்று தன் சட்டையைத் தானே இழுத்துக் காட்டினார்.

"அதனாலதானுங்க வேண்டாங்கறது. நூல் பிரிஞ்சு போய் தண்ணி ஃபில்டர அடைச்சுக்குதுங்க. அங்க நைலான் டிரெஸ் வாடகைக்குத் தராங்க, வாங்கிட்டு வாங்க."

வாடகைத் துணி என்றதும் அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. "கண்டவங்க போட்டுக் கழட்டுனத நாம போடறதா? ஊருக்கே துணி தெச்சுக் குடுக்கறவன் நானு" என்று எங்களைத் திருப்பி நடத்திக்கொண்டு வந்துவிட்டார். அன்று முழுக்க ராட்டினத்தில் சுற்றினோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அலைக்குளத்தில் சைரன் அடிக்கும். அது அடித்ததும் அலை கிளம்பும். சைரன் கேட்கும்போதெல்லாம் அம்மா தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் பார்த்தேன், அதனால்தான் சொல்கிறேன்.

அடுத்த தீபாவளிக்கு அப்பா தானே தைக்கிறேன் என்று கிளம்பினார். மிச்சச் சரக்கு விற்கும் ஸ்டாக் லாட் கடையில் மெரூன் நிற நைலான் துணி அடிமாட்டு விலைக்கு வந்திருந்தது. யாரோ விளையாட்டு உடுப்பு ஆர்டருக்குப் போட்டு, ஆர்டர் கொடுத்த பையர் வேண்டாம் என்று தள்ளிய துணி. எதற்குத் தள்ளினார்கள் என்று அப்பா கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தானே வெட்டி, தானே மெஷினில் உட்கார்ந்து நாலு பேருக்கும் தைத்தார். அம்மாவுக்கு மட்டும் யோசித்து யோசித்து இரண்டு துண்டாகச் செய்தார். முழங்கை வரை கை வைத்து முட்டி வரை தொங்கும் மேல்சட்டை ஒன்று, கணுக்கால் வரை பேன்ட் ஒன்று. அம்மா அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று சிரித்தாள். கையைத் தூக்கி நீந்துவதுபோல் செய்துகாட்டினாள்.

"ஏனுங்க, ஒருக்கா பக்கெட்டுல நனைச்சுப் பாத்துரலாமுங்களா?" என்று அவள் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"நைலானுக்குச் சாயம் போவாது புள்ள. நானு இன்னிக்கு நேத்தா துணியப் பாக்கறேன்?"

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். காட்டன் என்றால் மூன்று முறை துவைத்துப் பார்க்காமல் ஒரு பீஸ் வெட்டாத மனுஷன் அவர்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா உடை மாற்றும் அறைப் பக்கம் போனாள். நாங்கள் மூவரும் வீட்டிலிருந்தே உள்ளே போட்டுக்கொண்டு வந்திருந்ததால் மேல் துணியைக் கழற்றிவிட்டு முதலில் இறங்கினோம். இடுப்பளவு தண்ணீர் வருவதற்குள் என்னைச் சுற்றிச் சிவப்பாகக் கலங்க ஆரம்பித்தது. முதலில் கொஞ்சமாக, அப்புறம் நிறைய. பக்கத்தில் இருந்த ஒரு குழந்தை "ரத்தம், ரத்தம்" என்று கத்தியது. ஒரு பொம்பளை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தன் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். பன்னிரண்டு வயதுப் பெண்ணை எல்லோரும் அப்படிப் பார்த்தால் என்ன நினைத்துப் பார்க்கிறார்கள் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாதா? செத்துப்போகலாம் போலிருந்தது. விசில் அடித்து எங்களை வெளியே வரச் சொன்னார்கள். கரைக்கு வந்தபோது அம்மா சேலையோடு துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உடை மாற்றும் இடத்தில் வரிசை நீளமாக இருந்து திரும்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் அப்பா தானே தைக்கிறேன் என்று கிளம்பவில்லை. அடுத்த வருடத்தில் இருந்து வாடகைத் துணியே வாங்கிக் கொடுத்தார், தானும் போட்டுக்கொண்டார். அம்மா மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள். ஒரு வருடம் சளி பிடித்திருக்கிறது என்றாள். ஒரு வருடம் முட்டி வலி என்றாள். வேறு காரணம் கிடைக்காத வருடங்களில், "பையை ஆரு பாத்துக்கறது?" என்றாள். பையில் அப்படி என்ன வைரமா இருந்தது? நாலு துண்டு, ஒரு டிபன் கேரியர்.

நான் வளர்ந்து, படித்து, நெருப்பெரிச்சலில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமும் ஆன பிறகும் இந்தக் கோபம் மட்டும் அப்படியே இருந்தது. எந்தச் சண்டை எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் அப்பாவிடம் அதில்தான் போய் முடிப்பேன். "ஒரு பக்கெட் தண்ணி. அதுல நனைச்சுப் பாக்க உங்களுக்கு நோவு. அம்மா வாழ்க்கை பூரா கரையிலயே உக்காந்துட்டா" என்பேன். அப்பா மறுத்து ஒரு வார்த்தை பேசமாட்டார். "ஆமா கண்ணு, என் தப்புதான்" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைத் திருப்புவார். அவர் எதிர்த்துப் பேசாததும் எனக்கு எரிச்சல்தான்.

தம்பிக்குப் போட்டியில் டிக்கெட் கிடைக்கவில்லை. நானே நாலு டிக்கெட் வாங்கினேன். என் வீட்டுக்காரர், பிள்ளைகள், தம்பி குடும்பம் யாரும் வேண்டாம், பழைய நாலு பேர் மட்டும் என்று சொல்லிவிட்டேன். இரண்டு வீட்டிலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். வைத்துக்கொள்ளட்டும்.

அம்மாவுக்கு உடுப்பு எங்கள் கம்பெனி சாம்பிள் பிரிவில் தைத்தேன். கருநீலம், முழுக்கை, கழுத்து மூடியது, இடுப்பைச் சுற்றிப் பாவாடை மாதிரி ஒரு சுற்று. துணியை லேபுக்கு அனுப்பி, குளோரின் தண்ணீரில் சாயம் நிற்கிறதா என்று பார்த்து ரிப்போர்ட் வாங்கினேன். அதற்கு மேலும் நம்பிக்கை இல்லாமல் வீட்டில் வெள்ளைத் துண்டோடு சேர்த்து ஐந்து முறை துவைத்தேன். துண்டு வெள்ளையாகவே இருந்தது. அந்தத் துண்டைக் கொண்டுபோய் அப்பாவின் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினேன். "சரியாத்தான் பண்ணியிருக்கற" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை போனோம். வேனில் அம்மா தையலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, ஒரு இடத்தில் பிசிறு இருப்பதைக் கண்டுபிடித்துப் பல்லால் கடித்து எடுத்தாள். உள்ளே போனதும் வழக்கம்போலப் பைகளைத் தோளில் மாட்டப் போனாள். நான் பிடுங்கி அப்பாவின் கையில் கொடுத்தேன்.

"இன்னிக்கு நீங்க பாத்துக்குங்க. அம்மா எறங்கட்டும்" என்றேன். குரல் கொஞ்சம் பலமாகத்தான் வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏக்கா, வந்த எடத்துலயுமா?" என்றான் தம்பி.

அப்பா பைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அம்மா உடை மாற்றப் போனாள். நானும் தம்பியும் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்றோம்.

கொஞ்ச நேரத்தில் அம்மா வந்தாள். அறுபத்து மூன்று வயதில், கருநீல உடுப்பில், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் வயிற்றின் மேல் கட்டிக்கொண்டு கரையில் நின்றாள். தண்ணீர் அவள் கால் விரலைத் தொட்டுவிட்டுப் போனது. ஆனால் இறங்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"நான் வரட்டுமா கண்ணு?"

அம்மா இதை என்னிடம் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

சாயம் போன அன்றைக்கு, இதே கரையில், மெரூன் சட்டையும் மெரூன் பேன்ட்டுமாக வந்து நின்று கேட்டாள். நாங்கள் எதற்கு அப்படி நிற்கிறோம் என்று தெரியாமல் சிரித்துக்கொண்டே கேட்டாள். என்னைச் சுற்றித் தண்ணீர் சிவப்பாக இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே நிறத்தில் இன்னொருத்தி வந்து நிற்கிறாள், அவள் என் அம்மா. "வராத போ. உன்னையப் பாத்தாலே அசிங்கமா இருக்குது" என்று கத்தினேன். அம்மாவின் சிரிப்பு நின்றது. திரும்பி நடந்தாள். மேல்சட்டையை மட்டும் மாற்றிவிட்டு, பேன்ட்டின் மேலேயே சேலையைச் சுற்றிக்கொண்டு, நாங்கள் கரைக்கு வருவதற்குள் துண்டோடு வந்து நின்றுவிட்டாள். அந்தப் படத்தில் கணுக்காலில் தெரிந்தது உள்பாவாடை இல்லை.

இத்தனை வருடம் இதை எங்கே ஒளித்து வைத்திருந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. பக்கெட் தண்ணீரை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நான் கத்தியபோது எனக்கு இரண்டடி தூரத்தில் தண்ணீரில் நின்றவர் அப்பா. நிமிர்ந்து பெஞ்சைப் பார்த்தேன். அவர் அம்மாவைப் பார்க்கவில்லை. பைகளைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரட்டுமா, இல்ல இங்கயே இருக்கட்டுமா?" என்று அம்மா மறுபடி கேட்டாள்.

தண்ணீரைத் தள்ளிக்கொண்டு கரைக்குப் போய்க் கையை நீட்டினேன். அம்மா பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக இறங்கினாள். முட்டி வந்தது, இடுப்பு வந்தது. சைரன் அடித்தது. குழந்தைகள் எல்லாம் எங்களைத் தாண்டி ஓடினார்கள். அம்மா அலை வரும் பக்கம் பார்க்கவில்லை. குனிந்து தன்னைச் சுற்றியிருந்த தண்ணீரையே பார்த்தாள். கையால் அள்ளி வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். பிறகு என் காதருகே வந்து, யாருக்கும் கேட்காதபடி மெதுவாகக் கேட்டாள்.

"சாயம் எதும் போகுதா கண்ணு?"

"போகலம்மா" என்றேன். பெஞ்சில் இருந்த அப்பாவைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.